‘தேய்மானம்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் முழங்கால் வலியைப் பற்றி வந்த கட்டுரையை என் அக்கா உரக்கப் படிக்க, நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். அவர் படித்து முடித்ததும் பென்சிலை எடுத்து எண்ணினேன். ‘தேய்மானம்’ என்ற சொல் எட்டு இடங்களில் இருக்கிறது. ‘தேய்ந்த மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள், நடையைக் குறையுங்கள், படி ஏறாதீர்கள்’ என்று ஒரு பெட்டிச் செய்தி. அதற்கு நேர் கீழே, ‘30 நாளில் சவ்வு மீண்டும் வளரும்’ என்று ஒரு பொடிக்கு விளம்பரம்.

பெட்டிச் செய்தியும் தவறு, விளம்பரமும் தவறு. நான் மருத்துவர் அல்ல. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவள். ‘தேய்ந்துவிட்டது’ என்ற ஒரே ஒரு சொல் என் அக்காவை ஒன்றரை ஆண்டு கட்டிலில் உட்காரவைத்ததைக் கூடவே இருந்து பார்த்தவள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு இப்போது 67 வயது. ஆத்தூரில் 26 ஆண்டுகள் இட்லிக் கடை நடத்தினார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, பத்து மணி வரை நின்றபடியே வேலை செய்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் வலது முழங்கால் வலிக்கத் தொடங்கியது. ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அங்கிருந்த மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் தொட்டுக் காட்டினார். “இங்கே இடைவெளி இருக்க வேண்டும், இல்லை. சவ்வு தேய்ந்துவிட்டது. எலும்பும் எலும்பும் உரசுகின்றன. நடக்க நடக்க இன்னும் தேயும்” என்றார். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

வீட்டுக்கு வந்து அக்கா சொன்னதை நான் மறக்கவில்லை. “கண்ணு, என் கால் பழைய செருப்பு மாதிரி ஆகிவிட்டது. இனிமேல் இருக்கிற அடியை எண்ணித்தான் செலவு செய்ய வேண்டும்.”

அப்படியேதான் செய்தார். முதலில் ரேஷன் கடைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு கோயில். பிறகு மாடிக்குத் துணி காயப்போடப் போவதையும் நிறுத்தினார். குளியலறைக்குப் போகும்போதுகூடச் சுவரைத் தொட்டுத் தொட்டு, கணக்குப் பார்த்து நடப்பதுபோல் நடந்தார். கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி மூன்று மாதம் சூப் வைத்துக் குடித்தார். வயிற்றுக்கு இதமாக இருந்தது. முழங்கால் அப்படியே இருந்தது. ஒரு ஆண்டு கழிந்து ரவிக்கைக்கு அளவெடுக்கும் நாடாவைக் கொண்டு இரண்டு தொடைகளையும் அளந்து பார்த்தேன். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே வலது தொடை இடது தொடையைவிட நான்கு சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. உடல் எடையோ ஆறு கிலோ கூடியிருந்தது. வலி குறைந்ததா என்றால், முன்னைவிட அதிகம்.

பதினொன்றாம் வகுப்புக்கு எலும்பு மூட்டுகள் பாடம் வரும்போதெல்லாம் நான் காலையில் கறிக்கடைக்குப் போய் ஆட்டின் முழங்கால் மூட்டு ஒன்றை வாழை இலையில் சுற்றி வாங்கிப் போவேன். தசையை நீக்கி மூட்டுப் பையைக் கீறினால், முட்டை வெள்ளைக்கரு போன்ற வழவழப்பான திரவம் கொஞ்சம் கசியும். உள்ளே எலும்பின் தலையில் பால் வெள்ளையில், இளநீல ஓட்டத்தோடு பளபளக்கும் ஒரு பூச்சு. அதுதான் குருத்தெலும்பு. பிள்ளைகளை விரல் வைத்துப் பார்க்கச் சொல்வேன். விரல் நிற்காது, வழுக்கும். பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைந்த உராய்வு அதில் இருக்கிறது என்று சொன்னால், ஆத்தூர்ப் பிள்ளைகள் பனியைப் பார்த்ததில்லை; விரலை வைத்த பிறகு நம்புவார்கள். பிளேடால் மெல்லச் சீவினால் இளநீர் வழுக்கைபோல் ஒரு சீவல் வரும். அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒளி ஊடுருவும். “உயிரோடு இருக்கும் ஆட்டில் இதை வெட்டினாலும் ஒரு துளி ரத்தம் வராது. ஏன்?” என்று கேட்பேன்.

அதில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. மனிதனுக்கு முழங்காலில் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் தடிமன்தான். எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர். மீதியில் பெரும்பங்கு கொலாஜன் என்னும் இழைகளால் ஆன வலை. அந்த வலைக்குள் அடைபட்டு, தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறுகள். இவை எல்லாவற்றையும் பராமரிக்கும் செல்கள் மிகச் சொற்பம், நூற்றில் ஓரிரு பங்கு. இந்தச் செல்களுக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? ரத்தம் வழியாக இல்லை. நாம் காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்குகிறது, நீர் வெளியே கசிகிறது; காலைத் தூக்கும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் திரவத்தோடு உணவு உள்ளே போகிறது, கழிவு வெளியே வருகிறது. நடைதான் அதற்குச் சோறு.

இத்தனை ஆண்டு இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்ட நான், என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. எக்ஸ்ரே படத்துக்கு முன்னால் நானும் வாயடைத்துப்போனேன். அது என் குற்றம்.

செருப்பு தேயும், டயர் தேயும், அரிவாள் தேயும். இவற்றுக்கெல்லாம் உயிர் இல்லை. பயன்படுத்தாமல் பரணில் போட்டால் அப்படியே இருக்கும். குருத்தெலும்பைப் பரணில் போட முடியாது. தண்டுவடம் அடிபட்டுக் கால் செயலற்றுப்போனவர்களின் முழங்காலை எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்த சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், ஒரே ஆண்டுக்குள் குருத்தெலும்பு மெலிவதைக் கண்டார்கள். அந்த மூட்டு எதோடும் உரசவில்லை. ஒரு அடிகூட நடக்கவில்லை. ஆனாலும் மெலிந்தது. மறுபக்கம், 2005-இல் சுவீடனில் ஒரு ஆய்வு வெளியானது. முழங்காலில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற பிறைவடிவத் திசு கிழிந்து ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்ட 45 நடுவயதுக்காரர்களில் ஒரு சாராருக்கு நான்கு மாதம் உடற்பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி செய்தவர்களின் குருத்தெலும்பில், தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருளின் தரம் மேம்பட்டிருந்தது. ஒரு டயரை ஓட்ட ஓட்ட அதன் ரப்பர் மேம்படுமா?

அதற்காகக் குருத்தெலும்பு நினைத்தபடி வளரும் என்று நான் சொல்ல வரவில்லை. விளம்பரக்காரர்கள் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறார்கள்.

1743-இலேயே வில்லியம் ஹன்டர் என்ற 25 வயது மருத்துவர், மூட்டுக் குருத்தெலும்பு அழிந்தால் திரும்ப வராது என்பது ஹிப்போகிரட்டீஸ் காலம் முதல் எல்லோரும் ஒப்புக்கொண்டது என்று லண்டன் ராயல் கழகத்துக்கு எழுதினார். ஏன் வராது என்பதற்கு ஒரு விடை 2016-இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1950-களிலும் 60-களிலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் உலகம் முழுவதும் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. திறந்தவெளிச் சோதனைகளைத் தடைசெய்த 1963 உடன்படிக்கைக்குப் பிறகு அது படிப்படியாக இறங்கியது. காற்றில் இருந்தது பயிரில் ஏறி, உணவில் ஏறி, அந்தக் காலத்தில் வளர்ந்த ஒவ்வொரு பிள்ளையின் உடம்பிலும் ஏறியது. கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 1935 முதல் 1997 வரை வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்களின் முழங்கால் குருத்தெலும்பை எடுத்து, அதன் கொலாஜனில் இருக்கும் கார்பன்-14 எந்த ஆண்டின் காற்றோடு பொருந்துகிறது என்று பார்த்தார்கள். அவரவர் வளர்ந்த வயதின் காற்றோடு பொருந்தியது. வயது வந்த பிறகு அந்த வலை ஏறக்குறைய புதுப்பிக்கப்படவே இல்லை. மூட்டு நோய் வந்தவர்களிடமும் அப்படியேதான்.

அக்காவும் நானும் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள். வசிஷ்ட நதிக் கரையில் அக்கா பாண்டி ஆடிய கால்களில் அப்போது நெய்த வலைதான் இன்றும் இருக்கிறது.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. வலை பழையது என்றாலும், வலைக்குள் நீரைப் பிடித்து வைக்கும் பொருள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சுவீடன் ஆய்வில் உடற்பயிற்சியால் மேம்பட்டதும் அந்தப் பொருள்தான். வலையை நம்மால் மறுபடி நெய்ய முடியாது. உள்ளே இருப்பதைப் போற்றிக் காக்க முடியும். எந்த முழங்கால்காரரிடமும் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கொலாஜன் பொடி தின்றால் கொலாஜன் வளரும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையே மறுத்துவிடும். எந்தப் புரதமும் வயிற்றிலும் சிறுகுடலிலும் சிதைந்து சிறு துண்டுகளாகித்தான் ரத்தத்தில் சேரும். முழங்காலுக்கு என்று முகவரி எழுதி அனுப்ப முடியாது. மூட்டுக்கு நல்லது என்று விற்கப்படும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் மாத்திரைகளை அமெரிக்காவில் 1,583 பேரிடம் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிட மேல் என்று வரவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 சதவீதம் பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ‘என் மாமியாருக்குக் கேட்டது’ என்று யாராவது சொல்லும்போது இந்த 60-ஐ நினைவில் வைக்க வேண்டும்.

ஊசிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அக்கா பணத்தை இழந்தது அதில்தான். ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச மூட்டு முகாம் நடந்தது. அங்கிருந்து அழைத்துப்போய் ‘ஸ்டெம்செல்’, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல், என்று ஒரு ஊசி போட்டார்கள். ரூ.85,000. இரண்டு பவுன் வளையல் போயிற்று. ஊசிக்குள் என்ன இருந்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்கவில்லை. ரத்த நோய்கள் போன்ற ஒரு சிலவற்றைத் தவிர, ஸ்டெம்செல்லை ஒழுங்கான மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வு முடிவுகளைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கும் தயாரிப்பு வேறு. மண்டபத்தில் ஆள் பிடித்துப் போடும் ஊசி வேறு. அமெரிக்காவில் மூன்று வகைச் செல் ஊசிகளை, வீக்கத்தைத் தணிக்கும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டு 2023-இல் வெளியிட்டார்கள். ஒரு ஆண்டு முடிவில் எந்தச் செல்லும் அதைவிட மேல் இல்லை. அந்த ஸ்டீராய்டையும் உயர்வாக நினைத்துவிட வேண்டாம். 140 பேருக்கு இரண்டு ஆண்டுகள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டுப் பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட ஸ்டீராய்டு போட்டவர்களின் குருத்தெலும்பு இரு மடங்கு மெலிந்திருந்தது. வலியில் வித்தியாசம் இல்லை.

இப்படிச் சொல்வதால் நான் ஆராய்ச்சிக்கு எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். குருத்தெலும்பைப் பழுதுபார்க்கப் பாடுபடுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. சுவீடனில் கோத்தன்பர்க் மருத்துவர்கள் 1987-இல் ஒரு நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, பள்ளம் விழுந்த இடத்தில் திரும்ப வைத்தார்கள். முதல் 23 பேரின் விவரம் 1994-இல் வெளிவந்தது. இன்று நம் நாட்டிலும் அந்தச் சிகிச்சை உண்டு. ஆனால் அது விளையாட்டிலோ விபத்திலோ அடிபட்டு ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்த இளையவர்களுக்கு. மூட்டு முழுவதும் நோய் பரவிய அறுபது வயதுக்காரருக்கு அல்ல. எலும்பில் நுண்ணிய துளைகள் போட்டு, மஜ்ஜையிலிருந்து வரும் செல்களைக் கொண்டு பள்ளத்தை நிரப்பும் முறை அமெரிக்காவில் 1980-களில் வந்தது. அதில் வளர்வது அசல் குருத்தெலும்பு அல்ல, தழும்பு போன்ற நாருள்ள ஒரு திசு; நாளடைவில் தளர்ந்துவிடும். நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குருத்தெலும்பிலேயே ஒளிந்திருக்கும் முன்னோடிச் செல்களைப் பிரித்தெடுத்து ஆராய்கிறார்கள். இதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. பொடி விளம்பரத்துக்குக் கால் பக்கம் கிடைக்கிறது.

என்னை யோசிக்க வைத்தது 2019-இல் வெளிவந்த ஸ்ப்ரிஃபெர்மின் என்ற மருந்தின் ஆய்வு. 549 பேர் பங்கெடுத்தார்கள். மூட்டுக்குள் போட்ட இந்த ஊசி உண்மையாகவே குருத்தெலும்பை வளர்த்தது. அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கூடிய தடிமன், 0.05 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் கனம் இருக்கும். ஆனால் வலியைக் கேட்டபோது, வெற்று ஊசி போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பில் நரம்பே இல்லை என்று வகுப்பில் சொன்னேன் அல்லவா? வலி அடியில் இருக்கும் எலும்பிலிருந்து வருகிறது, வீங்கிய மூட்டுறையிலிருந்து வருகிறது, சோர்ந்த தசையிலிருந்தும் வருகிறது. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியவே தெரியாது. அது இருக்கும் இடம் வெறும் இடைவெளியாகத்தான் தெரியும். அந்த இடைவெளி குறைந்தும் வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் ஏராளம். மருத்துவர் பேனாவால் தொட்டுக் காட்டிய அந்த இடைவெளி அக்காவின் வலிக்கு முழுக் காரணம் இல்லை. ஆனால் அக்காவின் பயத்துக்கு முழுக் காரணம் அதுதான்.

அக்காவை எழுப்பி நடக்க வைத்தவர் அரசு மருத்துவமனையின் பிஸியோதெரபிஸ்ட், முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். படத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். “அம்மா, கையை ஊன்றாமல் இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள் பார்ப்போம்” என்றார். அக்காவால் ஒரு முறைகூட முடியவில்லை. உட்காரும் பலகை மேல் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கிக் கொடுத்தார். எழுந்தார். அன்று ஐந்து முறை. மூன்றாவது வாரம் ஒரு தலையணையை எடுத்தோம். கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கும் பயிற்சிக்கு, ஒரு கிலோ பச்சரிசியைத் துணிப்பையில் கட்டிக் கணுக்காலில் மாட்டினோம். “வலித்தால் நிறுத்திவிடலாமா?” என்று அக்கா கேட்டதற்கு அந்தப் பெண், “கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் அளவைக் குறைப்போம். நிறுத்த வேண்டாம்” என்றார். ஒன்றரை ஆண்டில் அக்காவிடம் ‘நிறுத்த வேண்டாம்’ என்று சொன்ன முதல் ஆள் அவர்.

ஆறு மாதத்தில் ஏறிய ஆறு கிலோவில் ஐந்து இறங்கியது. எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு ஒவ்வொரு அடிக்கும் இருபது கிலோ. இப்போது நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பன்னிரண்டு முறை எழுகிறார். காலையில் ஆற்றுப் பாலம் வரை போய் வருகிறார். தரையில் சம்மணமிட முடியவில்லை, மழைக் காலத்தில் வலிக்கிறது. எக்ஸ்ரே மறுபடி எடுத்தால் அதே இடைவெளிதான் இருக்கும். நாங்கள் எடுக்கவில்லை.

மூட்டு மாற்று அறுவையை நான் குறை சொல்லவில்லை. உண்மையில் தேவைப்படுகிறவர்களுக்கு அது பெரிய விடுதலை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலையைக் கட்டுப்படுத்தியபோது, அதிகம் பயன்படும் செயற்கை மூட்டு ரூ.1,58,000-இலிருந்து ரூ.54,720-க்கு இறங்கியது, அதை மனதார வரவேற்றவள் நான். அந்த நாள் அக்காவுக்கும் வரலாம். வந்தால், வலுவான தொடையோடு அறுவைக்குப் போவதும் மெலிந்த தொடையோடு போவதும் ஒன்றல்ல.

உங்களிடம் கேட்பது இதுதான். ‘தேய்மானம்’ என்ற சொல்லை உங்கள் நலவாழ்வுப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ‘நலிவு’ என்று எழுதுங்கள். தேய்ந்தது தேய்ந்ததுதான், அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. நலிந்ததைப் பேணலாம் என்று தமிழ் அறிந்த எவருக்கும் தெரியும். ‘சவ்வு’ என்பதையும் விட்டுவிடுங்கள். நம் ஊரில் மெனிஸ்கஸும் சவ்வு, தசைநாரும் சவ்வு, குருத்தெலும்பும் சவ்வு. எது கிழிந்தது, எது மெலிந்தது என்று தெரியாமலேயே மக்கள் அறுவைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். குருத்தெலும்பு என்று எழுதினால் ஒருவருக்கும் புரியாமல் போகாது. வாழைக் குருத்து, பனங்குருத்து என்று நாள்தோறும் சொல்கிறவர்கள்தானே நாம். உயிர் இருக்கிறது என்பதை அந்தச் சொல்லே சொல்கிறது. அந்தப் பொடி விளம்பரத்தைப் பொறுத்தவரை, அடுத்த முறை அதை அச்சிடும் முன், எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், எதோடு ஒப்பிட்டீர்கள் என்ற இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கட்டுரையை எழுதியவரை எனக்குத் தெரியாது, நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். அவர் ஒரு நாள் ஆத்தூர் வரட்டும். காலை ஏழு மணிக்குள் வந்தால் கறிக்கடையில் புது மூட்டு கிடைக்கும். என் வீட்டுத் திண்ணையில் வைத்தே அறுத்துக் காட்டுகிறேன், விரல் வைத்துப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் அக்கா வீட்டில் இருக்க மாட்டார், பாலத்துப் பக்கம் போயிருப்பார். எட்டு மணிக்குத் திரும்பி வந்து இட்லி ஊற்றுவார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.